அநாதபிண்டிகரின் இறுதி நாள்

பிறந்தவர் யாவரும் இறப்பர் என்பதை அறியாதவர் உலகில் எவரும் இலர். ஆயினும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கைவிரித்த பின்னர், அவ்வுண்மையை நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து பேசத் துணிபவர் மிகச் சிலரே. நோயாளிக்கும் அது தெரிந்திருக்கும், சுற்றத்தாருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் இரு சாராரும் நாளை நலமாகிவிடும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு, உள்ளத்தில் உள்ளதை மறைத்தே காலத்தைக் கழிப்பர். இறுதியில் சொல்ல வேண்டிய சொல் சொல்லப்படாமலும், கேட்க வேண்டிய அறம் கேட்கப்படாமலும் ஓருயிர் பிரிந்துவிடுகிறது.

இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் சிராவஸ்தி நகரத்தில் ஓர் இல்லறத்தார் நோயுற்றுப் படுத்தார். அவருடைய படுக்கையருகே இரண்டு பிக்குகள் வந்து அமர்ந்தனர். அன்று அங்கே பேசப்பட்டது என்ன என்பது மஜ்ஜிம நிகாயத்தில் 143ஆம் சூத்திரமாக இன்றும் நிலைத்து நிற்கிறது. அந்த இல்லறத்தார் அநாதபிண்டிகர். ஜேதவன விகாரையைக் கட்டிக் கொடுத்த செல்வர் என்றே அவரை நம்மவர் அறிவர். அவர் கொடுத்ததை எல்லோரும் பேசுகிறோம். அவர் இறுதியில் கேட்டுப் பெற்றதைப் பேசுவோர் குறைவு. அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து நோக்கினாலன்றி, அவ்விறுதி நாளின் பெருமை விளங்காது.

பெயரும் குடியும்

கோசல நாட்டின் தலைநகராகிய சிராவஸ்தியில் சுமனர் என்னும் வணிகரின் மைந்தராகப் பிறந்தவர் சுதத்தர். திக்கற்றவர்களுக்குச் சோறிட்ட காரணத்தால் மக்கள் அவரை அநாதபிண்டிகர் என்று அழைத்தனர். அநாதர் என்பது ஆதரவற்றோர். பிண்டம் என்பது சோற்றுத் திரள். தாய் தந்தையர் இட்ட பெயரை மறக்கச் செய்யும் அளவுக்கு ஒருவருடைய செய்கை ஓங்கி நிற்குமானால், அச்செய்கையே அவருக்கு உண்மையான குலப்பெயர் ஆகும். பிறப்பினால் வந்த பெயரைவிடச் செயலினால் வந்த பெயரே பெரிது என்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கை அன்றோ?

இராசகிருகத்து இரவு

வாணிபத்தின் பொருட்டு அவர் மகத நாட்டு இராசகிருகத்துக்குச் செல்வதுண்டு. அங்கே அவர் மைத்துனரும் பெருவணிகராக விளங்கினார். ஒருமுறை சென்றபோது, வழக்கம்போல் வாயிலில் வந்து வரவேற்க வேண்டிய மைத்துனர் அவரைக் கவனிக்கவும் நேரமின்றி, வேலைக்காரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டு அலைந்தார். மறுநாள் அவ்வீட்டில் பெருவிருந்து. திருமணமா, வேள்வியா, அரசர் எழுந்தருளுகிறாரா என்று சுதத்தர் வினவினார். அவை எவையும் அல்ல. புத்தரும் அவருடைய பிக்கு சங்கத்தாரும் உணவு கொள்ள வருகின்றனர் என்று மைத்துனர் விடை பகர்ந்தார். புத்தர் என்னும் சொல் செவியில் பட்டதும் சுதத்தர் திகைத்தார். தாம் கேட்டது அச்சொல்தானா என்று மும்முறை வினவி உறுதி செய்துகொண்டார்.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்துவிட்டது என்று எண்ணி மூன்று தடவை எழுந்தார். பின்னர்ப் பொழுது புலருமுன்பே நகரத்தை விட்டு, இடுகாட்டின் பக்கம் அமைந்த சீதவனத்தை நோக்கித் தனியே நடந்தார். வழியில் ஒளி மறைந்து இருள் சூழ்ந்தது. மெய் நடுங்கியது, திரும்பிவிடலாமா என்று எண்ணினார். அப்போது சீவகன் என்னும் யக்கன் கண்ணுக்குப் புலப்படாமல் நின்று, முன்வைக்கும் ஓர் அடியின் மதிப்புக்கு எத்தனை செல்வமும் ஈடாகாது என்று ஊக்கினான் என விநய நூல் கூறும். யக்கன் உரைத்ததாகக் கொண்டாலும் சரி, அவருடைய நெஞ்சமே உரைத்ததாகக் கொண்டாலும் சரி, அவர் திரும்பவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. அச்சம் வந்தபோது முன்னோக்கி நடக்க அவர் அன்று பழகினார்.

சீதவனத்தில் விடியற்காலையில் உலாவிக்கொண்டிருந்த பகவான், அவரைக் கண்டதும் அவருடைய இயற்பெயராகிய சுதத்தர் என்பதைக் கூறியே அழைத்தார். ஊரார் மறந்த பெயரைச் சொல்லி அழைத்த அந்த அன்பிலேயே சுதத்தரின் உள்ளம் கனிந்தது. தானம், ஒழுக்கம், ஆசையின் தீங்கு, துறவின் நன்மை ஆகியவற்றைப் படிப்படியாக உணர்த்தி, ததாகதர் நால்வகை வாய்மைகளையும் விளக்கினார். அழுக்கு நீங்கிய வெள்ளைத் துணி சாயத்தை ஏற்பதுபோல் அவருடைய மனம் அறத்தை ஏற்றது. அவர் அன்றே சோதாபத்தி நிலையை, அதாவது திரும்பி வீழாத ஆற்றொழுக்கில் புகுந்த முதல் நிலையை, எய்தினார்.

ஜேதவனம்

பகவான் மழைக்காலத்தில் தங்குவதற்குச் சிராவஸ்தியில் ஓரிடம் வேண்டுமென்று அவர் விரும்பினார். ஊருக்கு மிக அருகிலும் ஆகாது, மிகத் தொலைவிலும் ஆகாது. பகலில் நெருக்கமும் இரவில் இரைச்சலும் இல்லாததாய் இருத்தல் வேண்டும். அத்தகைய இடம் ஜேத இளவரசனுடைய சோலை ஒன்றே. இளவரசனோ, கோடிக் காசுகளைப் பரப்பினாலும் தரமுடியாது என்று தட்டிக் கழிக்கும் எண்ணத்துடன் கூறினான். விலை கூறப்பட்டுவிட்டபடியால் சோலை விற்கப்பட்டதாகும் என்று அநாதபிண்டிகர் வாதித்தார். வழக்கு நீதி அதிகாரிகளிடம் சென்றது. அவர்களும் அவ்வாறே தீர்ப்பளித்தனர்.

வண்டி வண்டியாகக் காசுகள் வந்தன. தரையில் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பரப்பப்பட்டன. வாயிலின் பக்கத்தில் சிறிதளவு நிலம் எஞ்சியபோது காசு தீர்ந்தது. மேலும் கொண்டுவர ஆள் அனுப்பினார். அதுகண்டு இளவரசனின் மனமும் மாறியது. இத்துணைப் பொருளை ஒருவர் துறப்பாரானால் அக்காரியம் சிறியதாகாது என்று உணர்ந்து, எஞ்சிய நிலத்தைத் தன் கொடையாக்கி, அவ்விடத்தில் வாயில் மாடத்தையும் எழுப்பினான். நிலத்துக்குப் பதினெட்டுக் கோடி, கட்டடங்களுக்குப் பதினெட்டுக் கோடி, அர்ப்பண விழாவுக்குப் பதினெட்டுக் கோடி என ஐம்பத்துநான்கு கோடி செலவாயிற்று என்று அட்டகதைகள் கணக்கிடும். பாரூத் தூபியின் கல்வேலியில் இக்காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மாட்டு வண்டியும், காசு பரப்பும் ஆட்களும் கொண்ட அக்கல்லை இன்றும் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் காணலாம். பகவான் ஜேதவனத்தில் பத்தொன்பது மழைக்காலங்களைக் கழித்தார் என்பது மரபு. சீன யாத்திரிகர்களாகிய பாஹியானும் யுவான் சுவாங்கும் அவ்விடத்தைக் கண்டு எழுதினர். இன்று உத்தரப் பிரதேசத்தில் சாகேத் மாகேத் என வழங்கும் ஊரில் அதன் அடித்தளங்கள் எஞ்சியுள்ளன.

கொடையும் வறுமையும்

இத்துணைக் கொடையாளியும் வறுமையைக் கண்டார். வணிகர் பலர் சீட்டெழுதிக் கொடுத்துப் பதினெட்டுக் கோடி கடன் பெற்றுத் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. அசிரவதி ஆற்றங்கரையில் புதைத்து வைத்திருந்த மற்றொரு பதினெட்டுக் கோடி, வெள்ளத்தில் கரை இடிந்து ஆற்றோடு போயிற்று. முன்பு நறுஞ்சுவை உணவு படைத்த வீட்டில், குறுநொய்க் கஞ்சியும் புளித்த காடியும் மட்டுமே பிக்குகளுக்குப் படைக்கும் நிலை வந்தது. ஆயினும் படைப்பது நிற்கவில்லை. அவருடைய வீட்டு வாயில் மாடத்தில் உறைந்த தெய்வம் ஒன்று, இனித் தானத்தை நிறுத்திப் பொருளைச் சேர்க்குமாறு அறிவுறுத்தியதாம். அவர் அத்தெய்வத்தையே வீட்டை விட்டு வெளியேறச் செய்தார். பின்னர் அது வருந்தி, போன பொருளை மீட்டுக் கொடுத்து மன்னிப்புப் பெற்றதாகக் கதை முடியும்.

இக்காலத்தில் ஒருநாள், வீட்டில் தானம் நடைபெறுகிறதா என்று பகவான் அவரைக் கேட்டார். நடைபெறுகிறது, ஆனால் நொய்க் கஞ்சிதான் என்று அவர் வருத்தத்துடன் தெரிவித்தார். உணவு எளியதா உயர்ந்ததா என்பதன்று, அது மதிப்போடும் தன் கையாலும் கொடுக்கப்படுகிறதா என்பதே கருதத்தக்கது என்று பகவான் தேற்றினார். அதன் பின்னர் அறங்களைப் படிவரிசையில் அடுக்கிக் காட்டினார். பெருந்தானத்தைவிட விகாரை அமைப்பதும், அதனினும் மும்மணிகளைச் சரணடைவதும், அதனினும் ஐந்து சீலங்களைக் காப்பதும், அதனினும் மைத்திரியை வளர்ப்பதும் மேலானவை. இவை எல்லாவற்றையும்விட, விரல் நொடிக்கும் நேரமளவு நிலையாமையைத் தெளிந்து காண்பதே மேலானது என்று முடித்தார்.

கவனியுங்கள். ஐம்பத்துநான்கு கோடி கொடுத்தவரிடம், விரல் நொடிப்பில் அடங்கும் நிலையாமை உணர்வு அதனினும் உயர்ந்தது என்று சொல்லப்பட்டது. அந்த நொடிப்பொழுதுக் காட்சிக்குக் காசு வேண்டியதில்லை. கூலிக்காரனும் அதைப் பெறலாம்.

மகளின் மறைவு

அநாதபிண்டிகருக்குக் காளன் என்னும் மகனும், மகா சுபத்தை, சூள சுபத்தை, சுமனை என்னும் பெண் மக்களும் இருந்தனர். மூத்தவர் இருவரும் மணமாகிக் கணவர் இல்லம் சென்றனர். இளையவளாகிய சுமனை பிக்குகளுக்கு உணவளிக்கும் பொறுப்பை ஏற்றுத் தந்தையுடன் வாழ்ந்தாள். அவள் தந்தையினும் ஒருபடி மேலாய்ச் சகதாகாமி நிலையை அடைந்திருந்தாள்.

அவள் நோயுற்று உணவு மறுத்துக் கிடந்தபோது தந்தையைக் காண விரும்பினாள். செய்தி கேட்டு அவர் ஓடி வந்தார். மகளே, என்ன வேண்டும் என்னும் கருத்துப்படக் கேட்டதற்கு, அவள் அவரைத் தம்பி என்று விளித்து மறுமொழி கூறினாள். அறிவு கலங்கிப் பிதற்றுகிறாளோ என்று அவர் அஞ்சினார். பிதற்றவில்லை என்றாள்; மீண்டும் தம்பி என்றாள். அச்சமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவ்வளவே, உயிர் பிரிந்தது.

சோதாபன்னராகிய அவராலும் துயரைத் தாங்க முடியவில்லை. ஈமக்கடனை முடித்து, அழுதுகொண்டே பகவானிடம் சென்றார். மரணம் எல்லோர்க்கும் உறுதியானது என்பதை அறியீரோ என்று பகவான் கேட்டார். அறிவேன் என்பதே அவர் மறுமொழி. மகள் இறந்ததற்காக அவர் அழவில்லை. அடக்கமும் அறிவும் நிறைந்த அப்பெண் இறுதியில் நினைவு தவறிப் பிதற்றிச் சென்றாளே என்பதற்காகவே அழுதார். நடந்ததைக் கேட்ட பகவான், அவள் பிதற்றவில்லை என்றும், மார்க்கத்தில் அவர் முதற்படியிலும் அவள் இரண்டாம் படியிலும் நின்றமையால் அவளே மூத்தவள் என்றும், அதனாலேயே தம்பி என அழைத்தாள் என்றும் விளக்கினார். அவள் துடித லோகத்தில் பிறந்தாள் என்றும் உரைத்தார்.

சாகும் தறுவாயில் இருப்பவர் பேசும் சொற்களைப் புலம்பல் என்று தள்ளிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவர் எதையோ உளறுகிறார், நீங்கள் வெளியே இருங்கள் என்று சிறுவர்களை அனுப்பிவிடுவர். சுமனையின் சொல்லும் கேட்டவர்க்கு அவ்வாறே தோன்றிற்று. ஆனால் அந்த அறையில் தெளிவோடு இருந்தவள் அவள் ஒருத்தியே. கலங்கி நின்றவர் தந்தையார்.

முதல் நோய்கள்

பின்னர் நோய் அநாதபிண்டிகரையும் வந்தடைந்தது. சம்யுத்த நிகாயம் இரு நிகழ்ச்சிகளைக் குறிக்கிறது. ஒருமுறை கடும் வேதனையுற்றபோது சாரிபுத்தர் ஆனந்தரோடு வந்தார். புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மும்மணிகளிடத்து அசையாத நம்பிக்கையும், பழுதற்ற ஒழுக்கமும் அவரிடம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அவற்றைத் தம்முள் கண்டு தேறுமாறு கூறினார். வெளியிலிருந்து புதிதாக ஒன்றையும் அவர் கொண்டுவந்து தரவில்லை. நோயாளி வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அவர் கண்ணெதிரே வைத்தார். வேதனை தணிந்தது. எழுந்து அமர்ந்த அநாதபிண்டிகர் தமக்கென ஆக்கிய உணவையே அவ்விருவருக்கும் பரிமாறினார்.

மற்றொருமுறை ஆனந்தர் தனியே வந்து, இந்நான்கும் இல்லாதவரே மரணத்துக்கு நடுங்குவர், உடையவர் நடுங்கார் என்று விளக்கினார். தமக்கு அச்சமில்லை என்று அநாதபிண்டிகர் அமைதியாகத் தெரிவித்தார். இராசகிருகத்து இருளில் நடுங்கிய கால்களை இங்கே நினைவு கூர்க. அன்று முன்வைத்த அடி இன்று இங்கே வந்து நின்றது.

இறுதி நோய்

கடைசி நோய் வந்தபோது அவர் எழுந்திருக்கவும் இயலாதவரானார். ஆள் ஒருவரை அனுப்பி, முதலில் பகவானின் திருவடிகளில் தம் வணக்கத்தைத் தெரிவிக்கச் செய்தார். பின்னர்ச் சாரிபுத்தர் இரக்கம் கொண்டு தம் இல்லத்துக்கு எழுந்தருள வேண்டுமென விண்ணப்பித்தார். சாரிபுத்தர் ஆனந்தரை உடனழைத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர் முதலில் அறம் உரைக்கத் தொடங்கவில்லை. வேதனை எப்படி இருக்கிறது, குறைகிறதா, கூடுகிறதா என்றே கேட்டார். அநாதபிண்டிகர் மறைக்கவில்லை, கூடுகிறது என்றார். வலிமை மிக்கவன் கூரிய வாள்முனையால் தலையைத் துளைப்பது போலவும், முரட்டுத் தோல்வாரால் தலையை இறுக்கிக் கட்டுவது போலவும், கசாப்புக்காரன் கத்தியால் மாட்டின் வயிற்றைக் கீறுவது போலவும், இருவர் ஒருவனைப் பிடித்து நெருப்புக் குழியில் வாட்டுவது போலவும் இருக்கிறது என்று தம் வேதனையை விவரித்தார். சோதாபன்னர் என்பதற்காக அவர் வலியைப் பொறுமை என்னும் போர்வையால் மூடவில்லை. கேட்ட சாரிபுத்தரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

அதன் பின்னரே உபதேசம் தொடங்கிற்று. இம்முறை சாரிபுத்தர் அவருடைய நற்குணங்களை நினைவூட்டவில்லை; அதற்கும் அப்பால் அழைத்துச் சென்றார். கண்ணைப் பற்றாதிருக்கப் பயிலுமாறும், கண்ணைச் சார்ந்து உணர்வு நிலைபெறாதிருக்கப் பயிலுமாறும் கூறினார். அவ்வாறே செவி, மூக்கு, நா, மெய், மனம், அவற்றால் அறியப்படும் உருவம் முதலியன, அவற்றின் தொடர்பால் எழும் ஊறும் நுகர்ச்சியும், நிலம், நீர், தீ, காற்று முதலிய தாதுக்கள், ஐந்து கந்தங்கள், தியான நிலைகள், இவ்வுலகம், மறுவுலகம் என ஒவ்வொன்றாக எடுத்து, எதையும் பற்றாது விடும் வழியைக் காட்டினார். பயணம் புறப்படுபவனுடைய தோளிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பது போன்றது அவ்வுபதேசம். இறுதியில், செல்லும் உலகம் என்னும் மூட்டையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கண்ணீரும் விண்ணப்பமும்

அநாதபிண்டிகர் அழுதார். மகளின் மறைவுக்குப் பின் அவர் அழுத செய்தி இதுவே. ஆனந்தர் பரிவுடன், மனம் தளர்கிறதோ, வீழ்கிறீரோ என்று வினவினார். தளரவில்லை என்றார் அவர். நெடுங்காலம் பகவானுக்கும் பிக்குகளுக்கும் தொண்டு செய்திருந்தும், இத்தகைய அறவுரையை அதற்கு முன் ஒருநாளும் தாம் கேட்டதில்லை என்பதே அக்கண்ணீரின் காரணம்.

எவ்வளவு வியப்பு! பத்தொன்பது மழைக்காலங்கள் ததாகதர் தங்கிய விகாரையைக் கட்டியவர், அவ்விகாரையினுள் பேசப்பட்ட ஆழ்ந்த அறத்தைக் கேட்டதில்லை. அட்டகதை இதற்கொரு காரணம் கூறுகிறது. பகவான் மென்மையான உடல் வாய்ந்தவர். தம்மைப் பேணுபவர் என்னும் எண்ணத்தால் தமக்கென வருந்தி உரைத்துக் களைப்படைவார் என்று கருதி, அநாதபிண்டிகர் ஒருநாளும் அவரிடம் கேள்வி கேட்டதில்லையாம். காக்க வேண்டாத இடத்தில் இவர் நம்மைக் காக்கிறாரே என்று பகவான் எண்ணினாராம். அன்பின் மிகுதியாலேயே ஒருவர் பெற வேண்டியதைப் பெறாமற் போவதும் உண்டு.

ஆனந்தர் மற்றொரு காரணம் கூறினார். வெள்ளாடை உடுத்த இல்லறத்தாருக்கு இத்தகைய உரை சொல்லப்படுவதில்லை; துறந்தவர்களுக்கே சொல்லப்படுகிறது என்பது அது. அதற்கு அநாதபிண்டிகர் விடுத்த விண்ணப்பமே அவர் வாழ்நாளின் கடைசிக் கொடை. இல்லறத்தாருக்கும் இது சொல்லப்பட வேண்டும். கண்ணில் சிறிதே தூசு படிந்தவர்கள் அவர்களுள்ளும் இருக்கின்றனர். கேளாமையால் அவர்கள் வீணாகின்றனர். கேட்டால் உணர்ந்துகொள்வர் என்று அவர் வேண்டினார்.

பஞ்சாலையில் இருபது ஆண்டுகள் நின்றவன் நான். கண்ணிலும் மூக்கிலும் தூசு படிந்தவனுக்கு அதைத் துடைக்க ஒரு துணி கிடைத்தால் போதும்; அவன் பார்வை மற்றவர் பார்வைக்குக் குறைந்ததன்று. இன்னாருக்கு இது புரியாது, இன்னாருக்கு இது வேண்டாம் என்று அறிவின் கதவை அடைத்து வைத்த கொடுமையைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நாம். 1898இல் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த அயோத்திதாச பண்டிதர் அக்கதவைத் திறக்கவே பாடுபட்டார். அந்த வழக்கை முதன்முதலில் மரணப் படுக்கையில் கிடந்து வாதாடியவர் அநாதபிண்டிகர் என்று நான் கருதுகிறேன். தமக்காக அன்று, தமக்குக் கிடைத்துவிட்டது. எஞ்சியவர்களுக்காகவே வாதாடினார். சோலைக்காக வழக்காடி வென்றவர், இறுதியில் அறத்துக்காக வழக்காடினார்.

சாரிபுத்தரும் ஆனந்தரும் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் அவர் உயிர் நீத்தார். துடித லோகத்தில் தேவனாகத் தோன்றினார். அன்றிரவு பேரொளியோடு ஜேதவனத்துக்கு வந்து, பகவானை வணங்கி, அவ்வனத்தையும் சாரிபுத்தரின் ஞானத்தையும் போற்றி மறைந்தார் என்று சூத்திரம் கூறும். மறுநாள் பகவான் ஒரு தேவன் வந்ததை மட்டுமே பெயர் குறிப்பிடாமல் பிக்குகளிடம் தெரிவித்தார். அவர் அநாதபிண்டிகராகவே இருத்தல் வேண்டும் என்று ஆனந்தர் உடனே உணர்ந்துகொண்டார்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாறு பழங்கதையாக ஏட்டில் கிடப்பதற்கன்று. தீராத நோயினரை அவர்களுடைய இறுதிவரை பேணும் இல்லங்களை இக்காலத்தில் ஹாஸ்பிஸ் என்று வழங்குகின்றனர். செவிலியாகவும் பின்னர் மருத்துவராகவும் பணி செய்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தைத் திறந்தார். உடலின் வலியோடு, மனத்தின் வலியும், குடும்பக் கவலையும், வாழ்வின் பொருளைக் குறித்த ஏக்கமும் சேர்ந்தே ஒருவரை வாட்டுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. நம் நாட்டில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா இல்லமும், 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கமும், 1999இல் பெங்களூரில் கட்டணமின்றிப் பேணும் கருணாசிரயமும் தோன்றின. மார்பின் மருந்தைப் பெறுவதில் இருந்த தடைகளைத் தளர்த்த 2014இல் போதைப் பொருள் சட்டமும் திருத்தப்பட்டது.

சமயப் பற்றுடையோர் சிலர், வலியைத் தாங்குவதே புண்ணியம் என்றும், மருந்து கொடுத்தால் நினைவு மழுங்கும் என்றும் கூறித் தடுப்பதுண்டு. அவர்கள் சாரிபுத்தரைப் பார்க்கட்டும். வலி எப்படி இருக்கிறது என்பதே அவருடைய முதற்கேள்வி. வயிற்றுக் கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவை ஆனந்தர் கழுவ, பகவான் தம் கையால் நீரூற்றினார். ஆனந்தரோடு சேர்ந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி நோயாளரைப் பேணும் கடமையை விதித்தார். முதலில் உடலைப் பேணுக. தக்க மருத்துவரைக் கொண்டு வலியைத் தணிக்கச் செய்க. வலியால் துடிப்பவனிடம் ஐந்து கந்தங்களைப் பேசுவது, பசித்தவனிடம் சமையற் கணக்குப் பேசுவதாகும்.

ஆனால் அதோடு நின்றுவிடலும் ஆகாது. உடல் சிறிது ஆறிய பின்னர் அருகில் அமர்ந்து பேச ஒருவர் வேண்டும். அதற்குப் பிக்குவே வரவேண்டும் என்பதில்லை. இல்லறத்தார் ஒருவர் மற்றோர் இல்லறத்தாரின் மரணப் படுக்கையில் எவ்வாறு பேச வேண்டும் என்று சாக்கியராகிய மகாநாமர் கேட்க, பகவான் முறையாக வகுத்தருளினார். முதலில் மும்மணிகளிடத்துள்ள நம்பிக்கையையும் காத்துவந்த ஒழுக்கத்தையும் நினைவூட்டித் தேற்ற வேண்டும். பின்னர்த் தாய் தந்தையரைப் பற்றிய கவலை உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால், கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் இறப்பு உறுதி. ஆதலின் அக்கவலையை இறக்கி வைக்குமாறு சொல்ல வேண்டும். அடுத்து மனைவி மக்களைப் பற்றியும், அடுத்து உலக இன்பங்களைப் பற்றியும், அடுத்துத் தேவலோக இன்பங்களைப் பற்றியும் அவ்வாறே கேட்டு, இறுதியில் தான் என்னும் பற்றையும் விடச் செய்ய வேண்டும்.

இம்முறையில் பெரும்பகுதி கேட்பதே என்பதை உணர்க. நோயாளி எதைப் பற்றிக்கொண்டு தவிக்கிறார் என்பதை நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. ஒருவருக்கு மணமாகாத மகள். மற்றொருவருக்கு அடைக்கப்படாத கடன். வேறொருவருக்குப் பேசாமற் போன தம்பி. கேட்டால்தான் வெளிவரும். கடனைத் தாம் பார்த்துக்கொள்வதாக மூத்த மகன் ஒரு சொல் சொன்னதும், பல நாள் உறங்காத தகப்பனார் அன்றிரவு உறங்கியதை அறப்பணிக்குச் சென்ற இடங்களில் கண்டிருக்கிறேன். பொய்யாகச் சொல்லும் நம்பிக்கை செய்யாததை, அந்த ஒரு மெய்ச்சொல் செய்தது.

மெய்யைச் சொன்னால் நோயாளி இடிந்துபோவார் என்று அஞ்சுகிறோம். அநாதபிண்டிகர் அழுதபோது ஆனந்தரும் அவ்வாறே அஞ்சினார். ஆனால் அக்கண்ணீர் தளர்ச்சியின் கண்ணீர் அன்று. மெய்யைச் சொல்வதென்றால் நாட்கணக்கை முகத்தில் எறிவது என்று பொருளில்லை. நோயாளி கேட்கும் அளவுக்கு, அவர் தாங்கும் அளவுக்கு, அன்போடு சொல்வதே மெய்மை. அவர் கேட்காதபோது திணிக்க வேண்டாம். கேட்கும்போது ஒளிக்க வேண்டாம்.

உபாசகர்களே, உபாசிகைகளே! நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் படுத்த படுக்கையானால், பழமும் பாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும் வழக்கத்தை மாற்றுவோம். அமர்வோம், வலியைக் கேட்போம், அவர் செய்த நன்மைகளை அவருக்கு நினைவூட்டுவோம், அவர் சுமக்கும் மூட்டை எதுவெனக் கேட்டு, இறக்கக் கைகொடுப்போம். வெள்ளாடை உடுத்த நமக்கும் இவ்வறம் உரியது. அவ்வுரிமையை நமக்கு வாங்கித் தந்தவர், தலை பிளக்கும் வேதனையின் நடுவிலும் நம்மை நினைத்த அநாதபிண்டிகர். அவர் பரப்பிய காசுகள் இன்று மண்ணில் இல்லை; அவர் கேட்டுப் பெற்ற உரை இருக்கிறது. அதை உரியவர்களின் செவியில் சேர்ப்பதே நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

நோயுற்றோர் நோய் நீங்குக. அஞ்சுவோர் அச்சம் நீங்குக. எல்லா உயிரும் இன்புறுக.